தேய்ந்தது அடிவளையம்தான், ஏன் மோதிரத்தையே உருக்கச் சொல்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தங்கத்தைக் கொண்டுவாருங்கள், புது நகையாக எடுத்துக்கொண்டு போங்கள் என்று அட்சய திருதியைக்கு முன்னாடி எல்லாப் பத்திரிகையிலும் முழுப்பக்க விளம்பரம் வரும், உங்கள் பத்திரிகையிலும் வரும். வரட்டும், அது வியாபாரம். ஆனால் அதே பத்திரிகையில், வீட்டில் இருக்கிற பழைய நகையை எப்போது சரிசெய்து வைத்துக்கொள்ளலாம், எப்போது அழித்துப் புதிதாகச் செய்யலாம் என்று ஒரு அரைப்பக்கமாவது வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும். போன வருஷம் எனக்கு அந்த விவரம் தேவைப்பட்டது, சொல்ல ஆள் இல்லை. நாலு மாதம் அலைந்து நானே தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த 14 காரட் விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எங்கள் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கல்யாணத்தின்போது போட்ட சிவப்புக்கல் மோதிரம் அது. 1930கள் என்று அம்மா சொல்வார், சரியான வருஷம் அவருக்கும் தெரியாது. அரைப் பவுன். நடுவில் ஒற்றைச் சிவப்புக்கல், கல்லுக்குப் பின்பக்கம் தகடு வைத்து மூடிய கட்டு, கல்லின் இரு பக்கத்துத் தோள்களிலும் கொடியும் இலையுமாகக் கையால் செதுக்கிய வேலை. 1963இல் என் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது அம்மிச்சி தன் விரலிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டார். அம்மா விரல் கொஞ்சம் பெரிசு என்பதால் அப்போதே அடியில் ஒரு துண்டு சேர்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அம்மா அதைக் கழற்றியதே இல்லை என்று சொல்லலாம். கல்லில் துணி துவைத்ததும், சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்ததும், மாட்டுக்குத் தவிடு பிசைந்ததும் அந்தக் கையோடுதான். 4 கிராம் தங்கத்துக்கு மேல் இருந்த மோதிரம் இப்போது கல்லோடு சேர்த்தே 3.1 கிராம்தான் நிற்கிறது. மீதித் தங்கம் அம்மா செய்த வேலையில் போய்விட்டது.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மோதிரம் அவளுக்கு என்று அம்மா சொல்லிவிட்டார். பார்த்தால் அடிப்பக்கம் காகிதம் மாதிரி இருக்கிறது, ஒரு இடத்தில் மயிரிழை போல விரிசல். போட்டால் விரலைக் கீறுகிறது. சரி, கடையில் கொடுத்துக் கேட்கலாம் என்று ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். மோதிரத்தைத் தங்கத்தின் தரம் பார்க்கிற மெஷினில் வைத்தான். 61 என்று காட்டியது. "தங்கமே மட்டம்ங்கம்மா, 61 சதவீதந்தான் இருக்குது. இதைச் சரிபண்ணிப் பிரயோஜனம் இல்லீங்க. மாத்திக்குங்க" என்றான். கல்லுக்கு அரை கிராம் கழித்தான். மீதி 2.6 கிராமை 61 சதவீதத்தில் போட்டு, அதை 22 காரட் கணக்குக்கு மாற்றினால் 1.73 கிராம் வந்தது. புது மோதிரம் 4 கிராம், சேதாரம் 14 சதவீதம், ஆக 4.56 கிராமுக்கு விலை போட்டு, இதில் என் 1.73ஐக் கழித்து, கிட்டத்தட்ட 3 கிராம் தங்கத்தின் காசும் ஜிஎஸ்டியும் கட்டச் சொன்னான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது: "ஹெச்யுஐடி இல்லாத பழைய நகையெல்லாம் இனிமே செல்லாதுங்கம்மா, இப்பவே மாத்திக்கிட்டா நல்லது."

இந்தச் செல்லாது என்கிற பேச்சை எத்தனை வீட்டுப் பெண்கள் நம்பி நகையை உருக்கக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயம் ஆனது உண்மை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி என்கிற, ஆறு இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாள எண் இல்லாமல் கடைகள் நகை விற்கக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் அது விற்கிற கடைக்காரருக்கான விதி. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற நகையையும், விரலில் போட்டிருக்கிற மோதிரத்தையும் அது ஒன்றும் செய்யாது. முத்திரை இல்லாத பழைய நகையைக் கடைகள் வாங்கிக்கொள்ளலாம் என்று விதி வந்த 2021லேயே அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை மட்டுமாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள் ஐயா, நூறு வீட்டு நகை தப்பிக்கும்.

அன்று நான் கொடுக்காமல் வந்ததற்குக் காரணம் பெரிய அறிவு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்காமல் உருக்கக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் சொன்னதும் அம்மா, "மட்டத் தங்கமா? எங்கப்பன் எனக்கு மட்டத் தங்கத்துல போடுவாரா?" என்று அன்றைக்குச் சோறே உண்ணவில்லை. 81 வயசு அவருக்கு. அதைப் பார்த்துத்தான் நான் பெரிய கடை வீதிப் பக்கம் பட்டறைகளைத் தேட ஆரம்பித்தேன்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், இந்த ஊரில் நகைக்கடையைவிட நகைப் பட்டறைதான் அதிகம். வைசியாள் வீதி, செல்வபுரம் என்று சந்துக்குச் சந்து ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பட்டறை வாசல் மண்ணையும் சாக்கடை வண்டலையும் அள்ளிக்கொண்டுபோய் அலசித் தங்கம் எடுத்துப் பிழைக்கிறவர்களே இங்கே இருக்கிறார்கள். அப்படி ஒரு சந்தில், எழுபது வயசைத் தாண்டிய ஆசாரி ஒருவர். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோதிரத்தைத் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "அம்மணி, மெஷின்ல எந்த இடத்த வெச்சுப் பார்த்தாங்க?"

அடிப்பக்கம் என்றேன். அவர் மோதிரத்தை வெளிச்சத்தில் காட்டினார். அடியில் ஒரு சுண்டுவிரல் நக அளவு இடம் மட்டும் கொஞ்சம் வெளிறிய நிறம். இரண்டு பக்கமும் ஒட்டுவதற்கான பொடி வைத்து ஊதிய கோடு மெலிதாகத் தெரிகிறது. அறுபது வருஷம் அம்மா கையில் பார்த்த மோதிரம், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. உரைகல்லில் அந்த இடத்தை ஓர் இழுப்பு, தோள்பட்டையை ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார். இரண்டு கோடும் இரண்டு நிறம். "இந்தத் துண்டு எந்த வருஷம் போட்டதுங்க?" என்று கேட்டார். 1963, அம்மா கல்யாணத்துக்கு என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் சொன்னார். சீனச் சண்டைக்கு அடுத்த 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 14 காரட்டுக்கு மேல் யாரும் நகை செய்யக்கூடாது. 22 காரட்டிலேயே பழகிய நாடு அது, 14 காரட் நகையை யார் வாங்குவார்கள்? பட்டறைகள் மூடின. தொழில் போய் எத்தனையோ பொற்கொல்லர்கள் உயிரையே விட்டார்கள். இவருடைய அப்பா கொஞ்ச காலம் ஊதுகுழலை எடுத்து வைத்துவிட்டு மில் வேலைக்குப் போனாராம். "உங்க அம்மா மோதிரத்துல துண்டு வெச்ச ஆசாரி சட்டத்துக்குப் பயந்து 14 காரட்ல வெச்சிருக்கார் அம்மணி. 14 காரட்டுன்னா நூத்துக்கு அம்பத்தெட்டரை. பொடியும் பக்கத்துத் தங்கமும் சேர்ந்து மெஷின் 61 காட்டியிருக்கு. மத்தபடி இது நல்ல தங்கமுங்க."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதே மெஷின் மாதிரி ஒன்றில் வேறு இடத்தில் தோள்பட்டையை வைத்துப் பார்த்தோம். 90க்கு மேல் காட்டியது. அம்மாவிடம் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கும் ஞாபகம் வந்தது, "ஆமாங்கண்ணு, அப்போ ஊர்ல தங்க வேலையே நடக்கல, உங்க தாத்தா எங்கியோ ராத்திரில போயித்தான் செஞ்சு வாங்கியாந்தாரு" என்றார். அந்தத் தங்கக் கட்டுப்பாடு 1968இல் தனிச் சட்டமாகி 1990இல்தான் ஒழிந்தது. அந்தக் காலத்தின் அடையாளம் ஒன்று எங்கள் வீட்டு மோதிரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ஒரு கடை மட்டத் தங்கம் என்றது.

இந்த மெஷின் பற்றி ஒரு வார்த்தை. அது பொய் சொல்வதில்லை. வைத்த இடத்தின் மேற்பரப்பை மட்டும் பார்த்துச் சொல்கிறது. பழைய நகையில் ஒட்டு இருக்கும், இடையில் போட்ட துண்டு இருக்கும், அந்த இடத்தில் வைத்தால் குறைவாகத்தான் காட்டும். மூன்று இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், நம் கண் முன்னாலேயே. சந்தேகம் இருந்தால் பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை மையத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கல் எடையும் அப்படித்தான். எங்கள் கல்லுக்குக் கடையில் கழித்தது அரை கிராம். அளவெடுத்துக் கணக்குப் போட்டால் 1.2 காரட், அதாவது கால் கிராம்கூட இல்லை, ஏனென்றால் கல்லுக்குக் காரட் என்பது எடை, தங்கத்துக்குச் சொல்கிற தரக் காரட் வேறு; கல்லில் ஒரு காரட் 0.2 கிராம்.

கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. அது பர்மாக் கல், ரங்கூனிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் வாங்கியது என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். ஆசாரி பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள்ளே இசைத்தட்டில் இருக்கிற மாதிரி வளைந்த வளைந்த கோடுகள், ஓரிரண்டு காற்றுக் குமிழிகள். இயற்கைக் கல்லில் கோடு இருந்தால் நேராக இருக்கும், இப்படி வளையாது. 1902இல் வெர்னூய் என்கிற பிரெஞ்சுக்காரர் அலுமினாப் பொடியைத் தீச்சுடர் வழியாக உதிரவிட்டு உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். அதற்கப்புறம் அந்தக் கல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் அம்மிச்சி கல்யாணத்தின்போது அது முப்பது வருஷப் பழசான தொழில். கல் பரிசோதனைக் கூடத்திலும் செயற்கை மாணிக்கம் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

மகள் கேட்டாள், கல்லும் அசல் இல்லை, அடியும் தேய்ந்துவிட்டது, தினமும் போடவும் பயம், அப்படியானால் எதற்கு இதை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும், உருக்கி இந்தக் கல்லையே வைத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாமே என்று. தவறான கேள்வி இல்லை. அவள் பெங்களூரில் வேலைக்குப் போகிறாள், பெட்டியில் பூட்டி வைக்க அவளுக்கு நகை வேண்டாம். ஒரு வாரம் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விலைக்காக என்றால் அவள் சொன்னதுதான் சரி, செயற்கை மாணிக்கத்துக்குக் காசு கிடையாது.

ஆனால் ஆசாரி சொன்ன ஒரு விஷயம் என் மனசில் நின்றுவிட்டது. "தேஞ்சது கீழ்வளையம் மட்டுந்தாங்க. மேல இருக்கறது தேயலீங்க. இந்த இலைய இப்போ செதுக்கறதுக்கு எனக்கே கை வராது." மோதிரத்தின் அடிப்பக்கம் எப்போதும் தேயும். பிடிக்கிற குடம், துடைப்பம், பஸ் கம்பி எல்லாம் உராய்வது அங்கேதான். அதிலும் 22 காரட் மென்மையான தங்கம். பக்கத்து விரலில் இன்னொரு மோதிரம் இருந்தால் பக்கவாட்டிலும் தேயும். செருப்பின் அடி தேய்ந்தால் அடியை மாற்றுகிறோம். மோதிரத்தில் கல்லும் கட்டும் தோள்பட்டையும் நன்றாக இருந்து அடிவளையம் மட்டும் மெலிந்திருந்தால் அதைச் சரிசெய்கிற வேலை பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை: கடிகாரத்தில் 4க்கும் 8க்கும் இருக்கிற இடத்தில் வெட்டி, கீழ்ப் பாதியை எடுத்துவிட்டு, அதே தரத் தங்கத்தில் புதுக் கீழ்ப் பாதி வைத்து ஒட்டுவது. தேய்ந்த இடத்தின் மேல் மறுபடி மறுபடி பொடி வைத்து ஊதிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் விரியும். வளையத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டுப் பாதியை மாற்றுவதுதான் நல்லது என்றார். எங்களுடையது மெலிந்த இடத்தில் 0.6.

இதில் பெரிய பயம் கல்லுக்குத்தான். சூடு பட்டால் மாணிக்கம் ஓரளவு தாங்கும். மரகதம், முத்து, பவளம் தாங்காது, அதனால் அந்தக் கற்கள் இருந்தால் கழற்றாமல் நெருப்புக் காட்டவே விடாதீர்கள். எங்கள் மோதிரத்தில் வேறு சிக்கல். பின்பக்கம் மூடிய கட்டு, கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். கல்லைக் கழற்றினால் தொண்ணூறு வருஷ விளிம்பு கிழியும், கழற்றாமல் நெருப்பில் காட்டினால் தகடு கருகும். ஆகவே அவர் ஊதுகுழலால் செய்யமாட்டேன் என்று சொல்லி, லேசரில் ஒட்டுகிற இன்னொரு பட்டறைக்கு என்னோடு நடந்தே வந்தார். லேசரில் சூடு ஒட்டுகிற புள்ளியில் மட்டும்தான், அரை அங்குலம் தள்ளிக் கையால் பிடித்துக்கொண்டே செய்கிறார்கள். தன் வேலை கையை விட்டுப் போகிறதே என்று நினைக்காமல் மோதிரத்துக்கு எது நல்லது என்று பார்த்தார் அந்தப் பெரியவர். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வேலை முடிந்த கணக்கு இது: வெட்டி எடுத்த பழைய பாதி 0.9 கிராம், அதைச் சின்னத் தாளில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். புதிதாக வைத்த 22 காரட் 1.6 கிராம். இப்போது மோதிரம் 3.8 கிராம். தங்கமும் கூலியும் சேர்த்து எனக்கு ஆன செலவு 2 கிராம் தங்கத்தின் விலைக்குள். கடையில் மாற்றியிருந்தால் கிட்டத்தட்ட 3 கிராம் காசும் கட்டி, அம்மிச்சி மோதிரத்தையும் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

மெருகு போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். மெஷினில் வைத்துப் போடுகிற ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் தங்கத்தைச் சுரண்டிக்கொண்டுதான் பளபளப்பைத் தருகிறது, செதுக்கு வேலை இருக்கிற இடத்தில் இலையின் நரம்பு முதலில் போகும். புது வளையத்தை மட்டும் லேசாக மங்கலாக்கி மேல்பகுதியோடு ஒத்துப்போகச் செய்தார்கள். கழுவுவதிலும் கவனம் வேண்டும். பின்பக்கம் திறந்த கட்டு நகையானால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு மென்மையான பிரஷால் தேய்க்கலாம், நம் பாட்டிகள் செய்தது அதுதான். மூடிய கட்டைத் தண்ணீரில் போடவே கூடாது, உள்ளே ஈரம் இறங்கித் தகடு மங்கிவிடும், கல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். கடைகளில் இலவசமாகக் கழுவித் தருகிறோம் என்று அதிர்வு மெஷினில் போடுவார்களே, அதற்கும் கொடுக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

எல்லா மோதிரத்தையும் காப்பாற்று என்று நான் சொல்லவரவில்லை. என் நாத்தனாரிடம் ஒரு மோதிரம், 1990களில் வாங்கியது, அச்சில் வார்த்த சாதாரண டிசைன், மூன்று இடத்தில் உடைந்து மூன்று இடத்திலும் ஒட்டு. அதைப் பார்த்ததும் இதே ஆசாரி, "இது உருக்கறதுக்குத்தானுங்க" என்றார், நாத்தனாரும் சந்தோஷமாக உருக்கிக் காப்பில் சேர்த்துக்கொண்டார். செதுக்கு வேலை முழுக்க அழிந்து வழவழவென்று ஆகிவிட்டால், விரிசல் கல் கட்டு வரைக்கும் ஏறிவிட்டால், உள்ளே அரக்கு வைத்த கூடு மோதிரம் பல இடத்தில் பிளந்துவிட்டால், அப்போது புதிதாகச் செய்வதே நல்லது. மோதிரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், டிக் டிக் என்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது. அதற்கு விளிம்பை அழுத்திக் கொடுத்தாலே போதும் பல நேரம், அதற்காக உருக்க வேண்டாம்.

புதிதாகத்தான் செய்வது என்று முடிவெடுத்தாலும் அவசரப்படாதீர்கள். நாலா பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கல்லை உங்கள் முன்னால் கழற்றி உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பட்டறையில் செய்வதானால் உங்கள் தங்கத்தைத் தனிக் குகையில், அதாவது தங்கம் உருக்குகிற தனிக் கிண்ணத்தில், உங்கள் முன்னாலேயே உருக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பாட்டியின் தங்கம் உங்கள் புது மோதிரத்தில் இருக்கும். கடையில் மாற்றினால் உங்கள் தங்கம் மற்றவர்கள் தங்கத்தோடு கலந்து எங்கேயோ போய்விடும், நீங்கள் வாங்கி வருவது வேறு தங்கம். இதைத் தெரிந்தே செய்தால் தப்பில்லை. பாட்டி தங்கத்தில் செய்தது என்று நினைத்துக்கொண்டு பலர் போட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

மகளின் கேள்விக்கு வருகிறேன், தினமும் போட என்ன செய்வது என்று. அதற்கும் வழி கிடைத்தது. மோதிரத்தை அச்செடுத்து, மெழுகில் வார்த்து, அதே மாதிரி இன்னொன்று செய்யலாம், இங்கே நிறையப் பட்டறைகளில் செய்கிறார்கள். வழக்கமான ரப்பர் அச்சைச் சூடேற்றித்தான் இறுக்குவார்கள், மூடிய கட்டு மோதிரத்துக்கு அது ஆகாது. சூடில்லாமல் இறுகும் சிலிக்கோன் அச்சு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த 0.9 கிராம் பழைய தங்கத்தில் 14 காரட் துண்டை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, மீதியை என் பழைய தோடு ஒன்றோடு சேர்த்து உருக்கி, அதே இலைக்கொடியோடு கல் இல்லாத ஒரு மோதிரம் அவளுக்கு வார்த்திருக்கிறோம். வார்ப்பில் இலை கொஞ்சம் மழுங்கித்தான் வந்திருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கையால் செதுக்கியது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பரவாயில்லை, அவள் அதைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டட்டும். அம்மிச்சி மோதிரத்தை விசேஷத்துக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஹெச்யுஐடி இல்லாத நகை செல்லாது என்ற பேச்சுக்கு ஒரு தெளிவான விளக்கத்தை, அதிகாரிகளிடம் கேட்டே, வெளியிடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு ஊரிலும் பழைய நகையைப் பழுதுபார்க்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள், கடை போர்டுகூட இல்லாமல் சந்துகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பட்டறைகளைப் பற்றி வாரம் ஒன்றாக எழுதுங்கள். எங்கள் ஆசாரிக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவர் ஐடியில், ஒருவர் மருந்துக் கம்பெனியில். அவர் உளிகளை எடுக்க ஆள் இல்லை.

அந்த வெளிறிய துண்டு அம்மாவிடம் இருக்கிறது. மஞ்சள் துணியில் முடிந்து சாமி அறையில் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், ராத்திரியில் தாத்தா எந்த ஊருக்குப் போய் இதைச் செய்து வாங்கி வந்தார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் அன்னூர் என்கிறார், ஒரு நாள் அவிநாசி என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.